சர்வரில் டிஸ்க் விழுந்தால்: லினக்ஸ் மென்பொருள் ரெய்டைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தணிக்கையாளர் அலுவலகம், திருப்பாதிரிப்புலியூரில் அச்சகம், புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஸ்கேன் மையம் என்று எங்கே போனாலும் சர்வர் என்பது பெரும்பாலும் மேசைக்கடியில் நிற்கும் ஒரு டவர் பெட்டிதான். உள்ளே இரண்டோ நான்கோ டிஸ்க் இருக்கும். ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, பெரும்பாலும் ஒன்று செத்தாலும் தரவு பிழைக்குமாறு வைக்கும் முறை. அதற்கென்று விலை கூடிய அட்டை இருக்காது. உபுண்டுவோ டெபியனோ நிறுவி, லினக்ஸ் கருவில் (கெர்னல்) உள்ள எம்டி என்னும் ரெய்டு வசதியைக் கொண்டே டிஸ்க்குகளைச் சேர்த்திருப்பார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அட்டை எரிந்தால் அதே மாதிரி அட்டையைத் தேடி அலைய வேண்டும். எம்டி ரெய்டிலோ டிஸ்க்குகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணினியில் செருகினாலே படித்துவிடலாம்.

நான் பார்த்த வரையில், தரவை முழுதாகப் பறிகொடுத்த அலுவலகங்களில் செத்த டிஸ்க்கைவிட அதிகக் கேடு செய்தது, அது செத்த அரை மணி நேரத்துக்குள் யாரோ பதறித் தட்டிய கட்டளைதான். ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசை இப்படி: முதலில் படிக்க மட்டும் செய்யும் கட்டளைகள், அடுத்துக் கையால் சரிசெய்யக்கூடியவை, டிஸ்க்கில் எழுதும் கட்டளைகள் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். முதன்மைக் கருவி நீல் பிரௌன் எழுதிய எம்டிஏடிஎம். ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சேர்த்துத் தட்ட வேண்டும். எடுத்துக்காட்டுகளில் டிஸ்க்குகளின் பெயர் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி. அவை சேர்ந்த ரெய்டின் பெயர் எம்டி0.

முதல் படி: எதையும் எழுதாமல் பார்ப்பது

சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் ரீபூட் செய்யாதீர்கள். "ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள் சார்" என்று அருகில் நிற்பவர் சொல்வார். குறைபட்ட ரெய்டு ஒன்று இப்போது எழுந்து நிற்கிறது என்பது உறுதி. அணைத்துப் போட்டபின் எழும் என்பதற்கு உறுதி இல்லை. தவிர, மறுபடி எழும்போது டிஸ்க் எழுத்துகள் மாறலாம். நேற்றைய எஸ்டிபி இன்று எஸ்டிசி ஆகலாம்.

ப்ராக் அடைவில் உள்ள எம்டிஸ்டாட் கோப்பைத் திறந்து பாருங்கள்:

கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட்

நான்கு டிஸ்க் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் இழப்பைத் தாங்கும் வகை) நலமாக இருந்தால் சதுர அடைப்பில் நான்கு 'யு' எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஓர் இடத்தில் 'யு'வுக்குப் பதிலாக அடிக்கோடு இருந்தால் அந்த இடத்து டிஸ்க் இல்லை. டிஸ்க் பெயருக்குப் பக்கத்தில் 'எஃப்' இருந்தால் எம்டி அதைக் கெட்டதென்று ஒதுக்கிவிட்டது. 'எஸ்' இருந்தால் அது உதிரி. கீழே 'ரிகவரி' என்ற சொல்லோடு சதவீதம் ஓடினால் மீட்டுக் கட்டும் வேலை நடக்கிறது, தொடாதீர்கள். 'செக்' என்று ஓடினால் ஒன்றும் ஆகவில்லை. அது வழக்கமான பரிசோதனை. டெபியனும் உபுண்டுவும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இதைத் தாமாகவே தொடங்கும். "ஞாயிறு காலையில் சர்வர் நத்தை மாதிரி ஊர்கிறது" என்று வரும் தொலைபேசி அழைப்புகளுக்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு.

அடுத்து ரெய்டின் முழு விவரமும், ஒவ்வொரு உறுப்பு டிஸ்க்கின் தலைப்புத் தகவலும்:

எம்டிஏடிஎம் --டீடெயில் /டெவ்/எம்டி0
எம்டிஏடிஎம் --எக்ஸாமின் /டெவ்/எஸ்டிஏ1

இரண்டாவது கட்டளையை எல்லா உறுப்புகளுக்கும் தனித்தனியே கொடுங்கள். ரெய்டில் சேர்ந்திருப்பது டிஸ்க்கின் ஒரு பகிர்வு (பார்ட்டிஷன்) என்றால் எண்ணோடு, முழு டிஸ்க் என்றால் எண் இல்லாமல். வெளியீட்டில் முக்கியமானவை மெட்டாடேட்டா பதிப்பு (தலைப்புத் தகவலின் வடிவம்), டேட்டா ஆஃப்செட் (தரவு தொடங்கும் இடம்), சங்க் அளவு (ஒவ்வொரு டிஸ்க்கிலும் மாறி மாறி எழுதும் துண்டின் அளவு), டிஸ்க்கின் வரிசை எண், ஈவென்ட்ஸ் என்னும் எண்ணிக்கை, கடைசியாகப் புதுப்பித்த நேரம். எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, அந்தக் கோப்பை வேறொரு கணினிக்கோ பென் டிரைவுக்கோ மாற்றிவிடுங்கள். சிக்கலில் உள்ள ரெய்டிலேயே அதைச் சேமிப்பவர்களும் உண்டு, பயனில்லை. திரையைக் கைப்பேசியில் படம் எடுத்தாலும் போதும். பின்னால் எல்லாம் கைவிட்டுப் போனால், ரெய்டை எந்த வரிசையில் மறுபடி அடுக்குவது என்று சொல்லப்போவது இந்தப் பதிவு ஒன்றுதான்.

கரு எழுதும் செய்திகளையும் டிமெசெஜ் கட்டளையால் எடுத்து அதே கோப்பில் சேருங்கள். ஒவ்வொரு டிஸ்க்கின் தொடர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றும் நேரத்தில் எஸ்டிபி எது என்று பெட்டிக்குள் எழுதியிருக்காது. தொடர் எண்தான் ஒட்டுச்சீட்டில் அச்சாகியிருக்கும்.

ரெய்டு குறைபட்ட நிலையிலும் திறந்திருந்தால், சரிசெய்யத் தொடங்கும் முன்பே காப்புப் பிரதி எடுங்கள். கணக்குப் புத்தகம், நோயாளிகளின் படங்கள், தரவுத்தளம் என்று ஈடு இல்லாதவை முதலில். திரும்ப நிறுவிக்கொள்ளக்கூடிய மென்பொருள் எல்லாம் கடைசியில் அல்லது வேண்டவே வேண்டாம். மீட்டுக் கட்டும்போது மிஞ்சிய டிஸ்க்குகளை மூலை முடுக்கெல்லாம் படிக்க வேண்டியிருக்கும். வயதான டிஸ்க் இன்னொன்று விழுவதற்கு அதைவிடத் தோதான நேரம் கிடையாது.

டிஸ்க் கெட்டதா, கம்பி கெட்டதா?

கடலோரத்தில் இந்தக் கேள்வியை எப்போதும் கேட்க வேண்டும். தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடலுக்கு அருகில் சன்னலைத் திறந்துவைத்து ஓடும் பெட்டியில் உப்புக் காற்று சாட்டா இணைப்புகளின் தொடுமுனைகளை மெல்ல அரிக்கும். அறிகுறி டிஸ்க் செத்ததைப் போலவே தெரியும்.

பிரித்தறிய, டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரம் உதவும்:

ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிபி

நான்கு வரிகளைப் பாருங்கள். 5-ஆம் எண் மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகள்), 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை, 198 படிக்கவே முடியாதவை. இவற்றின் கடைசிப் பத்தியில் பூச்சியம் அல்லாத எண் இருந்து, நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கை மாற்றுவதைத் தவிர வழியில்லை. 199-ஆம் எண் வேறு வகை. அது டிஸ்க்குக்கும் பலகைக்கும் நடுவே தரவு சிதைந்து போனதைக் கணக்கிடுகிறது. அது மட்டும் ஏறிக்கொண்டிருக்க, மற்ற மூன்றும் பூச்சியமாக இருந்தால் பெரும்பாலும் டிஸ்க் நல்லது. சாட்டா கம்பியை மாற்றுங்கள். கம்பி மாற்றிய பிறகும் 199-இன் எண் பூச்சியத்துக்குத் திரும்பாது. அது அதே இடத்தில் நின்றால் சரியாகிவிட்டது என்று பொருள்.

ஒரே நொடியில் இரண்டு மூன்று டிஸ்க்குகள் விழுந்தால் அவை எல்லாம் ஒன்றாகச் செத்துவிட்டன என்று நம்பாதீர்கள். மின்வழங்கி, பிரிப்புக் கம்பி, சாட்டா கட்டுப்படுத்தி ஆகியவற்றில்தான் தேட வேண்டும். மின்சாரம் போய் வரும் நாள்களில், யுபிஎஸ் பேட்டரி தளர்ந்த அலுவலகங்களில் இது அடிக்கடி நடக்கிறது.

இன்னொரு காரணம் உண்டு. பலருக்குத் தெரியாது, ஆனால் நல்ல டிஸ்க்குகளை ரெய்டிலிருந்து தள்ளிவிடுவதில் இதற்குப் பெரிய பங்கு. மேசைக் கணினிக்கான மலிவு டிஸ்க், படிக்க முடியாத ஒரு செக்டரைக் கண்டால் இரண்டு மூன்று நிமிடங்கள்கூட விடாமல் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் கருவோ 30 நொடிதான் காத்திருக்கும். பிறகு இணைப்பையே மீட்டமைக்கும். டிஸ்க் பதில் சொல்லாது. எம்டி அதை ஒதுக்கிவிடும். டிமெசெஜ் செய்திகளில் 'ஹார்டு ரீசெட்டிங் லிங்க்' என்ற தொடர் திரும்பத் திரும்ப வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். ரெய்டுக்கென்றே செய்த டிஸ்க்குகள் வழக்கமாக 7 நொடியில் முயற்சியைக் கைவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும். அப்போது எம்டி மற்ற டிஸ்க்குகளிலிருந்து அந்தத் துண்டைக் கணக்கிட்டு, அதே இடத்தில் திரும்ப எழுதிச் சரிசெய்துவிடும். உங்கள் டிஸ்க்குக்கு அந்த வசதி உண்டா என்று பார்க்க:

ஸ்மார்ட்சிடிஎல் -எல் எஸ்சிடிஇஆர்சி /டெவ்/எஸ்டிபி

வசதி இருந்து அணைக்கப்பட்டிருந்தால், அந்தச் சொல்லின் பின்னால் காற்புள்ளி இட்டு 70,70 என்று கொடுங்கள். அளவு நொடியில் பத்தில் ஒரு பங்கு. வசதியே இல்லாத டிஸ்க் என்றால், சிஸ் அடைவில் அந்த டிஸ்க்கின் டைம்அவுட் கோப்பில் 180 என்று எழுதுங்கள். முதலாவது பல டிஸ்க்குகளில் மின்சாரம் போனதும் மறந்துபோகும், இரண்டாவது ரீபூட்டில் போய்விடும். இரண்டையும் துவக்க நிரலில் சேர்த்தாக வேண்டும்.

ஒரு டிஸ்க்கை மாற்றுதல்

ரெய்டு 1, 5 ஆகியவை ஒரு டிஸ்க் இழப்பைத் தாங்கும். 6 இரண்டைத் தாங்கும். 10 என்றால் சோடிக்கு ஒன்று. ரெய்டு 0-வில் ஒரு டிஸ்க் செத்திருந்தால் இந்தக் கட்டுரையால் பயனில்லை, காப்புப் பிரதியைத் தேடுங்கள்.

டிஸ்க் உண்மையிலேயே கெட்டது என்று முடிவானால், எம்டி அதை இன்னும் ஒதுக்கவில்லை என்ற நிலையில் இரண்டு வழிகள். அவசரம் இல்லையென்றால் புது டிஸ்க்கைக் கூடுதலாகச் செருகி, அதை உதிரியாகச் சேர்த்துவிட்டு '--ரீப்ளேஸ்' விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். பழைய டிஸ்க் ரெய்டில் இருந்தபடியே உள்ளடக்கம் புதியதற்கு நகரும். படிக்க முடியாத துண்டுகளை மட்டும் மற்ற டிஸ்க்குகளிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு நிமிடம்கூடக் காப்பில்லாமல் நிற்க வேண்டியதில்லை. பெட்டியில் ஒரு சாட்டா துளை காலியாக இருந்தால் நான் எப்போதும் இதையே செய்வேன்.

துளை இல்லையென்றால் வழக்கமான முறை:

எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஃபெயில் /டெவ்/எஸ்டிபி1
எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ரிமூவ் /டெவ்/எஸ்டிபி1

அணைத்து, தொடர் எண்ணைச் சரிபார்த்துக் கழற்றுங்கள். சரிபார்த்துத்தான். குறைபட்ட ரெய்டு 5-இல் நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கெட்டதை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. புது டிஸ்க் பழையதைவிட ஒரு செக்டர்கூடச் சிறியதாக இருக்கக் கூடாது.

பகிர்வு அட்டவணையை நல்ல டிஸ்க்கிலிருந்து புதியதற்கு நகலெடுக்க எஸ்ஜிடிஸ்க் கட்டளை இருக்கிறது. அதன் '-ஆர்' விருப்பத்தில் எது மூலம், எது இலக்கு என்பது பலரையும் குழப்பும்: விருப்பத்தை ஒட்டி வருவது புது டிஸ்க், கடைசியில் வருவது நல்ல டிஸ்க். மாற்றிப் போட்டால் நல்ல டிஸ்க்கின் அட்டவணை அழியும். நகலெடுத்தபின் '-ஜி' கொடுத்துப் புது டிஸ்க்குக்குத் தனி அடையாள எண் உருவாக்குங்கள். பிறகு:

எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஆட் /டெவ்/எஸ்டிபி1

மீட்டுக் கட்டும் வேலை தொடங்கும். 4 டெராபைட் டிஸ்க் நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் ஓடினால் ஏழரை மணி நேரம் ஆகும். அலுவலகம் வேலை செய்துகொண்டிருந்தால் இன்னும் கூடும். வேகத்துக்கு எம்டி வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு நொடிக்கு 1,000 கிலோபைட், அதிகபட்சம் 2,00,000. மற்ற வேலைகள் நடக்கும்போது எம்டி அந்தக் குறைந்தபட்சம் வரை இறங்கிவிடும். இரவில் 'ஸ்பீட் லிமிட் மின்' அளவை உயர்த்தி வைத்து, காலையில் இறக்கிவிடலாம்.

நல்ல டிஸ்க் கம்பிக் கோளாறால் மட்டும் விழுந்தது என்றால் '--ஆட்' வேண்டாம், '--ரீ-ஆட்' போதும். ரெய்டில் எழுதும் இடங்களைக் குறித்துவைக்கும் பிட்மேப் இருந்தால், விடுபட்ட துண்டுகள் மட்டும் ஒத்திசையும். மணிக்கணக்கான வேலை நிமிடங்களில் முடியும். பிட்மேப் இல்லாத ரெய்டுக்கு '--குரோ --பிட்மேப்=இன்டர்னல்' கொடுத்து எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

துவக்க ஏற்றியை மறக்காதீர்கள். ரெய்டு 1-இல் இயங்குதளம் இருந்தால் கிரப்-இன்ஸ்டால் கட்டளையைப் புது டிஸ்க்குக்கும் கொடுக்க வேண்டும். யுஇஎஃப்ஐ (புதிய வகைத் துவக்க முறை) கணினி என்றால் இஎஃப்ஐ பகிர்வின் உள்ளடக்கத்தைப் புது டிஸ்க்குக்கும் நகலெடுக்க வேண்டும். இதைச் செய்யாத பெட்டி, முதல் டிஸ்க் சாகும் வரை நன்றாகத்தான் ஓடும்.

ரெய்டு எழவே இல்லை

இங்குதான் நிதானம் தேவை. எம்டிஸ்டாட் கோப்பில் 'இன்ஆக்டிவ்' என்று வந்து, எல்லா டிஸ்க்குகளுக்கும் பக்கத்தில் 'எஸ்' நின்றால் அவை உதிரியாகிவிட்டன என்று பொருளல்ல. ரெய்டு கூடி முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

எக்ஸாமின் வெளியீடுகளை அருகருகே வைத்து ஈவென்ட்ஸ் எண்களை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு நிலைமாற்றத்துக்கும் அது ஏறும். நான்கு டிஸ்க் ரெய்டு 5-இல் மூன்றின் எண் ஒன்றாகவும் நான்காவதன் எண் பல ஆயிரம் பின்தங்கியும் இருந்தால், நான்காவது என்றோ விழுந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை என்று அறியலாம். கடைசிப் புதுப்பித்த நேரம் அந்தத் தேதியையே சொல்லும். அதைச் சேர்க்கக் கூடாது. அதில் இருப்பது பழைய தரவு. இரண்டு டிஸ்க்குகள் சில பத்து எண்கள் மட்டும் பின்தங்கியிருந்தால் நம்பிக்கை இருக்கிறது.

முதலில் அரைகுறையாக நிற்பதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் 'பிஸி' என்றே பதில் வரும். பிறகு மிகப் பின்தங்கிய டிஸ்க்கை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டுங்கள்:

எம்டிஏடிஎம் --ஸ்டாப் /டெவ்/எம்டி0
எம்டிஏடிஎம் --அசெம்பிள் --ஃபோர்ஸ் /டெவ்/எம்டி0 /டெவ்/எஸ்டிஏ1 /டெவ்/எஸ்டிபி1 /டெவ்/எஸ்டிசி1

ஃபோர்ஸ் விருப்பம் தலைப்புத் தகவலை மாற்றி எழுதும். ஆகவே டிஸ்க்குகளில் ஒன்றாவது படிக்கத் திணறுகிறது என்றால், இதற்கு முன்பே அதை டிடி ரெஸ்க்யூ கருவியால் புது டிஸ்க்குக்கு நகலெடுத்து, நகலைக் கொண்டு வேலை செய்யுங்கள். அந்தக் கருவி நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே நின்றது என்பதை மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

குறைபட்ட ரெய்டு 5 ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிருந்தால் இன்னொரு தடை வரும். 'டர்ட்டி டிகிரேடட்' என்று சொல்லி எம்டி தொடங்க மறுக்கும். சமநிலைத் துண்டும் (இழந்த தரவைக் கணக்கிட உதவும் கூடுதல் தகவல்) தரவும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க அதற்கு வழியில்லை என்பதே காரணம். இங்கும் ஃபோர்ஸ்தான் வழி. கடைசி நொடியில் எழுதிக்கொண்டிருந்த சில கோப்புகள் சிதைந்திருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டு செய்ய வேண்டும்.

கூடியபின் படிக்க மட்டும் என்ற முறையில் ஏற்றி (மவுன்ட் செய்து) பாருங்கள். கோப்பு முறைமைச் சோதனையையும் முதலில் எதையும் மாற்றாத '-என்' விருப்பத்தோடு ஓட்டுங்கள். எஃப்எஸ்சிகே ஆனாலும் எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் ஆனாலும் அதே எழுத்துதான். பிழைகள் ஆயிரக்கணக்கில் கொட்டினால் டிஸ்க் வரிசையோ தேர்ந்தெடுத்த டிஸ்க்கோ தவறு. 'ஆம்' என்று பதில் சொல்லிக்கொண்டே போகாதீர்கள், நிறுத்துங்கள்.

'--கிரியேட்' கட்டளையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இணையத்தில் யாரோ "ரெய்டை மறுபடி உருவாக்கினால் தரவு அப்படியே வந்துவிடும்" என்று எழுதியிருப்பார். சில சமயம் வரும். அதற்கு டிஸ்க் வரிசை, சங்க் அளவு, மெட்டாடேட்டா பதிப்பு, டேட்டா ஆஃப்செட் எல்லாம் பழையபடியே அமைய வேண்டும். சங்க் அளவு பழைய பதிப்புகளில் தானாகவே 64 கிலோபைட், இப்போது 512. பழைய ரெய்டை இன்றைய எம்டிஏடிஎம் கொண்டு எதுவும் குறிப்பிடாமல் உருவாக்கினால் பொருந்தாது. அதைவிட மோசம், '--அஸ்யூம்-கிளீன்' இல்லாமல் ரெய்டு 5-ஐ உருவாக்கினால் கடைசி டிஸ்க்கை உதிரியாகக் கருதி அதன் மேல் உடனே எழுதத் தொடங்கிவிடும். வேறு வழியே இல்லாமல் இதைச் சோதிக்க வேண்டியிருந்தால், டிவைஸ் மேப்பரின் ஸ்னாப்ஷாட் வசதியால் ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் ஒரு மேலடுக்கு அமைத்து, அந்த அடுக்குகளின் மேல் சோதியுங்கள். எழுதுவது எல்லாம் வேறு கோப்புக்குப் போகும், டிஸ்க் தொடப்படாது. இது புரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

ரெய்டு எம்டி127 என்ற பெயரில் எழுந்து, ஏற்ற வேண்டிய அடைவு காலியாக நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. அமைப்புக் கோப்பில் அந்த ரெய்டின் வரி இல்லை. '--டீடெயில் --ஸ்கேன்' தரும் வரியை எம்டிஏடிஎம் டாட் கான்ஃப் கோப்பில் சேர்த்து, டெபியன் குடும்பத்தில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் '-யு', ரெட் ஹாட் குடும்பத்தில் டிராகட் '-எஃப்' கொடுங்கள்.

மறுபடி விழாமல் இருக்க

மாதாந்தரப் பரிசோதனையை, சர்வர் மெதுவாகிறது என்பதற்காக நிறுத்தி வைத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு. திரும்பத் தொடங்கிவையுங்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் திறக்காத கோப்பில் ஒளிந்திருக்கும் கெட்ட செக்டர், பரிசோதனை நடந்தால் அப்போதே சரியாகும்; நடக்காவிட்டால் இன்னொரு டிஸ்க் செத்த நாளில் வெளியே வரும். பரிசோதனைக்குப் பின் 'மிஸ்மேட்ச் கவுன்ட்' எண்ணைப் பாருங்கள். ரெய்டு 1-இல் ஸ்வாப் (நினைவகம் நிரம்பும்போது பயன்படும் டிஸ்க் இடம்) இருந்தால் சிறிய எண் வருவது இயல்பு. ரெய்டு 5, 6-இல் பூச்சியம் அல்லாத எது வந்தாலும் காரணம் தேட வேண்டும்.

இந்த ஊர்களில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஓர் உதிரி டிஸ்க்கை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவது நல்லது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைக்கலாம் என்பது வெயில் காலத்துக்குப் பொருந்தும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபின் பல பகுதிகளுக்கு மின்சாரம் வர நாள்கணக்கில் ஆயிற்று. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாள்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் புகுந்தது. புயல் எச்சரிக்கை வந்ததும் யுபிஎஸ்ஸை நம்பிக் காத்திருக்காமல் சர்வரை முறையாக அணைத்து, மின்செருகியைக் கழற்றி, பெட்டியை மேசைமேல் தூக்கிவைத்து, காப்புப் பிரதி டிஸ்க்கை வேறொரு கட்டடத்தின் மாடிக்கு அனுப்புங்கள். தரைத்தளத்தில் வெள்ளம் புகுந்தால் ரெய்டு 6-ம் ரெய்டு 0-வும் ஒன்றுதான்.

கடைசியாக, எச்சரிக்கை மின்னஞ்சல். எம்டிஏடிஎம் டாட் கான்ஃப் கோப்பில் மெயில்அட்ரஸ் வரியில் நீங்கள் உண்மையிலேயே தினமும் பார்க்கும் முகவரியைப் போடுங்கள். பல சர்வர்களில் அது 'ரூட்' என்றே இருக்கும். அந்தப் பெட்டியை யாரும் திறந்ததே இல்லை. அஞ்சல் வெளியே போகிறதா என்று பார்க்க:

எம்டிஏடிஎம் --மானிட்டர் --ஸ்கேன் --டெஸ்ட் --ஒன்ஷாட்

ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு சோதனை மடல் வர வேண்டும். வராவிட்டால் குப்பை மடல் பெட்டியைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் அஞ்சல் அனுப்பும் அமைப்பைச் சரிசெய்யாமல் அந்த அலுவலகத்தை விட்டுக் கிளம்பாதீர்கள்.